பல் செட் மேசையில் ஒரு டாங்கிச் செயின்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி ஓட்டினார் என்று எங்கள் சொந்தபந்தம் முழுவதும் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டியது டாங்கி. முப்பத்தாறு டன் இரும்பு. இதை நான் சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவர் சொன்னால் கேட்பார்கள். அவரோ வாயைத் திறக்க மாட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த பெரிய சண்டை இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் சில்லறை.

தப்பு எங்கள் கல்யாணத்தன்றே நடந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். மாதா கோயிலில் பூசை முடிந்து, பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் அண்ணன் கேட்டார்.

“மிலிட்டரில உங்களுக்கு என்ன வேல மாப்ள?”

“டிரைவருங்க மச்சான்.”

இவர் ஆயக்குடிக்காரர். யாரிடம் பேசினாலும் வாலில் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டு வரும். அண்ணன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. “லாரி ஓட்டுறாராம்ப்பா” என்று பந்திக்கே அறிவித்துவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். இவர் சிரித்தபடி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அங்கேயே ஒரு வார்த்தை திருத்தியிருந்தால் எனக்கு இத்தனை வருட வயிற்றெரிச்சல் மிச்சமாகியிருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். கறுப்பு இரும்புப் பெட்டியைத் திறந்தால் மடிப்பு மடிப்பாகத் துணி இருக்கும், மடிப்புக்குள் மணல் இருக்கும். ராஜஸ்தான் மணல். எத்தனை முறை உதறினாலும் கடைசியில் என் சேலைக்குள் வந்து சேரும். கடிதம் எழுதினால் முகவரியில் ஊர்ப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். போட்டோ எடுக்கக் கூடாது. அதனால் டாங்கிக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற ஒரு படம்கூட எங்கள் வீட்டில் இல்லை. குடியரசு தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது மட்டும் ஒருமுறை, “நம்ம வண்டி இத விடப் பழசு, டி-55” என்றார். நான் அதை அடுப்படிக் காலண்டரின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓய்வு பெற்று வந்தார். வந்ததும் சும்மா இருக்க முடியாமல் ஆயக்குடியிலிருந்து கொய்யாப்பழம் ஏற்றுகிற மினி வேன் ஒன்றை ஓட்ட ஆரம்பித்தார். போதாதா? “அங்கிட்டும் லாரி, இங்கிட்டும் லாரி” என்று அண்ணன் கேலி பேசினார். என் அண்ணன் கெட்டவர் இல்லை. கையில் ஒரு கேலி கிடைத்தால் அதைக் கீழே போடாமல் வருடக்கணக்கில் சுமப்பார், அவ்வளவுதான்.

“நீங்க ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“என்னத்தச் சொல்றது? நான் என்ன சண்டையா போட்டேன்? சண்டை போட்டவன் சொல்லலாம். நான் பதினேழு வருசம் மணல்ல ஓட்டிப் பழகுனேன், வந்துட்டேன். அத வேற பெருமையாச் சொல்லோணுமாக்கும்.”

சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. நான் தனியாக இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்து, ரேஷனுக்கு வரிசையில் நின்று, அதில் கல்யாணத்துக்குப் பிறகான வருடங்களை இந்தப் பக்கத்திலிருந்து ஓட்டியவள். அதை ‘வந்துட்டேன்’ என்று ஒரு சொல்லில் முடித்தால் எனக்குப் பொறுக்குமா? அவருக்குப் பெருமை வேண்டாம் என்றால் போகட்டும், எனக்கு வேண்டும்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவள் நான். டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்துக் கொடுப்பார். அதில் நான் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, ராவி, மினுக்கி, செட்டாகத் திருப்பிக் கொடுப்பேன். திண்டுக்கல்லில் என் பல்லால் முறுக்கு கடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. தெருவில் யாராவது சிரித்தால் முதலில் நான் பல்லைத்தான் பார்ப்பேன். என்னுடையதாக இருந்தால் அன்று முழுக்க எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

இந்த வேலையில் காத்திருப்பதுதான் பாதி. பிளாஸ்டர் இறுக முக்கால் மணி நேரம். மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள். டாக்டரம்மாவின் மகன் சிங்கப்பூரில் இருந்தார். ஒருமுறை அவர் ஊருக்கு வருவதற்கு முன்னால், காலண்டரின் பின்னால் எழுதியிருந்ததைக் காட்டி, ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மாடலாக இந்த டாங்கி கிடைக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் மகனிடம் சொன்னார். பெட்டி வந்தது.

பிளாஸ்டர் இறுகும் முக்கால் மணி நேரங்களில் அதைச் செய்தேன். ராவுவதும் ஒட்டுவதும் எனக்குப் புதிதா? பிசிறு ஒன்று இல்லாமல் முடித்தேன். கோந்து தீர்ந்தபோது பல் செட்டுக்குக் கலக்குகிற திரவத்தையே ஒரு சொட்டுத் தொட்டு ஒட்டினேன், இரும்பாகப் பிடித்துக்கொண்டது. பச்சை அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஷோகேஸின் நடுத்தட்டில் வைத்துவிட்டு அவர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். மேல் கூண்டைப் பார்த்தார், குழலைப் பார்த்தார். சக்கரங்களைச் சுற்றியிருந்த செயினுக்கு வந்ததும் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நம்ம வண்டி இல்ல புள்ள.”

“ஏன், என்ன கொறச்சல்?”

“செயின். இது ரப்பர். கொடிக்கயிறாட்டம் விறைப்பா நிக்குது பாரு. நம்ம வண்டில செயின் சக்கரத்து மேல படுத்துக் கெடக்கும். அம்புட்டுக் கனம். இது பொம்மை.”

வார்த்தையில் கோபம் இல்லை. அதுதான் என்னை இன்னும் சுட்டது. மறுநாள் பார்க்கும்போது டாங்கி பீரோவின் மேல், சுவர்ப்பக்கம் முகம் திரும்பி இருந்தது. யாராவது வந்தால் கண்ணில் படக் கூடாதென்று எடுத்து வைத்திருக்கிறார்.  அன்று நான் வைத்த குழம்பில் உப்பு கூடிப்போயிற்று. அதையும் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த வாரமே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அப்போது திண்டுக்கல்லில் தெருவுக்கு ஒன்று இருந்தது. கல்லூரிப் பையன்களுக்கு நடுவில் நாற்பதை நெருங்குகிற பெண்ணொருத்தி உட்கார்ந்து டாங்கிச் செயின் தேடினால் எப்படி இருந்திருக்கும்? பக்கத்தில் இருந்தவன் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். உலோகத்தில் கண்ணி கண்ணியாக வார்த்த செயின் தனியாகவே விற்கிறார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு மூலையிலிருந்து. டி-55க்கும் இருந்தது. நாமே துளை போட்டு, நாமே கம்பி கோத்து, நாமே மாட்ட வேண்டும். டாக்டரம்மாவின் கார்டில் வாங்கினேன். விலையை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

ஆறு வாரம் கழித்துத் தபால்காரர் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“என்னக்கா, சீமையிலருந்து ஆணியா வரவழைக்கிறீக? நம்மூர்ல கெடைக்காதா?”

“இது டாங்கிச் செயின்” என்றேன்.

“சரிதான்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நம்பவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

பொட்டலத்தைக் கொட்டினேன். ஈயம் போல் வெளிறிய, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கண்ணிகள். கூடவே ஒரு சுருள் கம்பியும் ஒரு குறிப்புத் தாளும். தாளில் பொடி எழுத்தில் இங்கிலீஷ் இருந்தது. தொழில் தெரிந்தவளுக்குத் தாள் எதற்கு என்று மடித்து இழுப்பறைக்குள் போட்டேன். என் திமிருக்கு அன்றைக்கு யாரும் குட்டு வைக்கவில்லை.

ஒரு பக்கத்துக்குத் தொண்ணூறு கண்ணி. இரண்டு பக்கமும் நூற்றெண்பது. கம்பி போகிற துளைகளில் பாதிக்கு மேல் வார்ப்பிலேயே அடைத்துக் கிடந்தன. மோட்டாரில் துளை போட்டால் கண்ணி சூடாகி வளைந்தது. மெல்லிய துளை ஊசி வாங்கினேன், இரண்டே நாளில் மூன்று ஒடிந்தன. பிறகுதான் மூளை வேலை செய்தது. பல் வேருக்குள் விட்டுத் திருகிச் சுத்தம் செய்கிற ஊசிகள் இருக்கின்றன. தேய்ந்ததும் டாக்டரம்மா தூக்கிப் போட்டுவிடுவார். அவற்றைக் கேட்டு வாங்கிக் கொதிக்கவைத்து, இரண்டு விரலில் பிடித்துத் திருகினேன். துளை அளவெடுத்த மாதிரி விழுந்தது. பல்லையே ராவுகிற ஊசிக்கு ஈயம் எம்மாத்திரம்! ஐரோப்பாக்காரனுக்கே இந்த வழி தெரிந்திருக்காது என்று அன்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு பிளாஸ்டர் இறுகுவதற்குள் எட்டுக் கண்ணி, நல்ல நாளில் பத்து. ராவி, துளைத்து, பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துக் கம்பி விட்டு, அளவாக நறுக்கி, முனையில் ஒட்டு. விரலில் சுற்றினால் மடங்க வேண்டும், விட்டால் தொங்க வேண்டும். அந்த வருடம் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது. மின்சாரம் இல்லாமல் பல் வேலை நிற்கும், கண்ணி வேலை நிற்காது. ஜன்னலோரமாக உட்கார்ந்து கோத்துக்கொண்டே இருப்பேன். மூன்று மாதத்தில் இரண்டு செயினும் தயார். உள்ளங்கையில் கொட்டினால் உண்மையான கனம். சலசலவென்று ஒரு சத்தம். ரப்பருக்கு அந்தச் சத்தம் ஏழு பிறப்பெடுத்தாலும் வராது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல இன்றும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் தொழிலில் மினுக்காத சாமான் மேசையை விட்டு இறங்கக் கூடாது. ஓர் இடத்தில் சொரசொரப்பு இருந்தாலும் நோயாளியின் நாக்கைக் கிழித்துவிடும். பதினைந்து வருடப் பழக்கம். செயின் முடிந்ததும் கை தானாக மோட்டாரைப் போட்டது, தானாகப் பாலிஷ் பொடியைத் தொட்டது. இரண்டு செயினையும், முன்னும் பின்னும், பாத்திரக் கடை எவர்சில்வர் போலப் பளபளக்க மினுக்கிவிட்டேன். கண்ணிகளின் மேல் வரிகள்கூடக் கொஞ்சம் மழுங்கின. பீரோவின் மேலிருந்து எடுத்து வந்திருந்த டாங்கியில் ரப்பரைக் கழற்றிவிட்டு மாட்டிப் பார்த்தபோது என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

மற்றவர்கள் செய்ததைவிட நம்முடையது எவ்வளவு நேர்த்தி என்று பார்க்கத்தான் மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பத்துப் படம் பார்த்திருப்பேன். அத்தனையிலும் செயின் கறுப்பு, அல்லது துரு நிறம், அல்லது சேறு. பளபளப்பாக ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து இழுப்பறையிலிருந்த தாளை எடுத்துப் படித்தேன். கடைசி வரியில் தெளிவாக எழுதியிருந்தது: மாட்டுவதற்கு முன் கறுப்பேற்றவும்.

அந்த மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பழுப்புச் சாயம் அடித்துப் பார்த்தேன். மினுக்கிய பரப்பில் நிற்காமல் தோல் தோலாக உரிந்து வந்தது. ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்டியபோது இன்னும் பளபளத்தது. இன்னொரு செட் வாங்க வழியில்லை. ‘பொம்மை’ என்று ஒருமுறை கேட்ட சொல்லை மறுபடி கேட்கிற தெம்பும் இல்லை. டாங்கியைப் பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். நான்கு மாதம் அது அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு முறை பிளாஸ்டர் எடுக்கும்போதும் என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது.

டிசம்பரில் ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்க அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் டாங்கியைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒளித்து வைக்க இடம் யோசித்துக்கொண்டே முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், டிபன் பாக்ஸைக் கழுவப் போடலாம் என்று அவர் பையைத் திறந்திருக்கிறார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். டாங்கி மடியில் இருந்தது.

“தெரியாம மினுக்கிட்டேன்” என்றேன். “கறுப்பாத்தான் இருக்கணுமாம். அந்தத் தாள நான் படிக்கல. வேணும்னா கழட்டிடுறேன்.”

அவர் நிமிரவில்லை. கட்டைவிரலால் செயினை ஒரு சுற்று உருட்டினார். சக்கரங்களை நான் ஒட்டாமல் சுழலும்படி விட்டிருந்தேன். கண்ணிகள் பல் சக்கரத்தில் ஏறி, மேலே போய், சக்கரங்களின் முதுகில் தொய்ந்து படுத்தன.

“யாரு சொன்னா உனக்கு?”

“எத?”

“செயின் இப்புடித்தான் இருக்கும்னு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மழை பேயுற ஊருல ஓடுனா துருப் புடிக்கும், சேறு புடிக்கும். நாங்க ஓட்டுனது மணலு. உப்புத்தாளாட்டம் மணலு. காலைல கெளம்பி ஒரு நாள் ஓட்டிட்டு வந்தா செயின் வெள்ளிக் கொலுசாட்டம் மின்னும். வெயில்ல பாக்க முடியாது, கண்ணு கூசும். நிறுத்துன உடனே மொத வேல அதுமேல சாக்கப் போட்டு மூடுறதுதான், மின்னுனா தூரத்துல இருந்தே காட்டிக் குடுத்துரும்.” செயினை இன்னொரு சுற்று உருட்டினார். “எத்தன சாக்குப் போட்டிருப்பேன்.”

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் மூச்சு விடாமல் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றுதான். என் மூன்று மாத உழைப்பு, நான்கு மாத வெட்கம் எல்லாம் ஒரு பேச்சில் கரைந்தன. சும்மா சொல்லவில்லை, எனக்கு அந்த நிமிடத்தில் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

பிறகு டாங்கியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு குறையும் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்காமல் விடுவாரா?

“தொய்வு கொஞ்சம் சாஸ்தி. செயின் தேஞ்சு நீண்டு போச்சுன்னா நாங்க ஒரு கண்ணியக் கழட்டிருவோம். பக்கத்துக்கு ஒண்ணு எடு.”

அவர் பிடித்துக்கொண்டார், நான் கம்பியை உருவினேன். இரண்டு கண்ணி வெளியே வந்தது. ஒன்றை என் பவுடர் டப்பாவில் போட்டேன். மற்றதை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் குடில் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். கூடத்து மேசை முழுக்க ஆற்று மணலைப் பரப்பி, ஒரு ஓரத்தில் மாட்டுக் கொட்டகை, எதிர் ஓரத்தில் குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்கள், ஒட்டகங்கள். டாங்கி ஷோகேஸின் நடுத்தட்டுக்குத் திரும்பியிருந்தது, இந்த முறை முகம் கூடத்தைப் பார்த்து. கிறிஸ்துமஸ் மத்தியானம் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். கேக்கைக் கடித்துக்கொண்டே ஷோகேஸைப் பார்த்தார்.

“என்ன மாப்ள, பொம்மையெல்லாம் வாங்கி வச்சிருக்கீக? லாரி பொம்மை கெடைக்கலையாக்கும்?”

கூடமே சிரித்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

ஷோகேஸைத் திறந்து டாங்கியை இரண்டு கையாலும் எடுத்தார். மேசைக்கு வந்து, ஒட்டகங்களுக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார். பின்பக்கம் ஒரு விரலை வைத்து மெதுவாகத் தள்ளினார். என் நூற்றெழுபத்தெட்டுக் கண்ணிகளும் சலசலத்துக்கொண்டு நகர்ந்தன. டாங்கி ஒட்டகங்களைத் தாண்டி, ராஜாக்களைத் தாண்டி, கொட்டகைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. பின்னால் மணலில் இரண்டு தடம், வரி வரியாக, ஒரு கண்ணி பிசகாமல் விழுந்திருந்தது.

“நான் லாரி ஓட்டலைங்க மச்சான்” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. “இதத்தான் ஓட்டுனேன். பதினேழு வருசம்.”

அண்ணன் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் குனிந்து தடத்தைப் பார்த்தார். “செயினு அசல் மாதிரியே இருக்கே மாப்ள. எங்க வாங்குனீக?”

“வாங்குனா இப்புடி வராதுங்க. ஒவ்வொரு கண்ணியா என்ற பொண்டாட்டி கோத்தது.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் நியாயம் கேட்கத் துடித்த நான், கேக் எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலைப் பிரிக்கிற வரைக்கும் அந்தத் தடத்தை நான் யாரையும் தொட விடவில்லை.